ஒரு வருஷத்து இலக்கியம்: 1959-ஐ முன்வைத்து ஒரு பரிசீலனை

வருஷம் முடிகிற தறுவாயில், அவ்வருஷத்தில் எழுதப்பட்டவற்றுள் சிறந்தவை எவை, ஜனங்கள் விரும்பி ஏற்றுக்கொண்டவை எவை என்று பத்திரிகைகள் பட்டியல் இடுவதும், அந்தப் பட்டியல்களைப் பற்றி வாசகர்கள் வாதம் புரிவதும் நம்மிடையே நிலைபெற்றுவிட்ட வழக்கங்கள். எழுத்தில் சிரத்தை உள்ள ஒரு சமூகம் தன் படைப்புக்களைத் திரும்பிப் பார்த்து எடைபோட விரும்புவது ஆரோக்கியமான அறிகுறியே ஆகையால் இவ்வழக்கத்தை நான் குறைகூற வரவில்லை. ஆனால் எழுதப்பட்ட ஆண்டிலேயே ஓர் இலக்கியத்தின் தரத்தை அறிந்துகொள்வது சாத்தியமா, சாத்தியம் என்றால் அதற்கு எங்கே தேட வேண்டும், ஜனரஞ்சகமான ரஸனைக்கும் படைப்பின் உண்மையான வளர்ச்சிக்கும் உள்ள சம்பந்தம் என்ன என்ற கேள்விகளைப் பட்டியல் தயாரிப்பவர்கள் போதிய அளவு ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. இந்தக் கேள்விகளைப் பொதுவாக விவாதிப்பதைக் காட்டிலும், முடிந்துபோன ஒரு வருஷத்தை, அதன் விளைவுகள் யாவும் நம் கண்முன் இருக்கிற ஒரு வருஷத்தை, எடுத்துக்கொண்டு பரிசீலிப்பது அதிகப் பயன் தரும் என்று கருதி, 1959-ஆம் வருஷத்தைத் தேர்ந்துகொள்கிறேன்.

அந்த வருஷத்தில் தமிழ்நாட்டு ஜனங்களின் இருதயத்தைக் கவர்ந்தவை எவை என்று கேட்டால், சந்தேகத்திற்கு இடமின்றி, முதலில் திரைப்படங்களையே சொல்ல வேண்டும். நாடக மேடையில் பெயர் பெற்றபின் படமாக்கப்பட்டு, பி. ஆர். பந்துலுவின் டைரக்ஷனில் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, சக்தி டி. கே. கிருஷ்ணசாமியின் வசனத்தாலும் சிவாஜி கணேசனின் கம்பீரமான உச்சரிப்பாலும், பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் ஒருவரின் சரித்திரத்தைப் பாமரர் வீட்டுப் பேச்சாக்கியது. மறு வருஷம் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அதன் நாயகருக்குச் சிறந்த நடிகர் என்ற விருதும் கிடைத்தது. அதே வருஷத்தில், மருது சகோதரர்களின் கதையைச் சொல்லும் ‘சிவகங்கைச் சீமை’யைக் கண்ணதாசன் தயாரித்தார், அப்படத்திற்குக் கட்டபொம்மனுக்குக் கிடைத்த வெற்றி கிடைக்கவில்லை. ஸ்ரீதர் முதன்முதலாக டைரக்ஷன் பொறுப்பேற்ற ‘கல்யாணப் பரிசு’, சரித்திரமும் வாளும் இல்லாமல், இரண்டு சகோதரிகளும் ஒரு வாலிபனும் சம்பந்தப்பட்ட துயரத்தை நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குள்ளேயே நிகழ்த்திக் காட்டி, வசனப் பிரவாகத்திற்குப் பழகியிருந்த தமிழ்ப் படத்தைத் தணிந்த குரலில் பேசப் பழக்கியது.

‘கல்யாணப் பரிசு’ படத்தில் இலக்கிய மாணவன் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு உண்டு. படத்தின் ஹாஸ்யப் பகுதியில் தங்கவேலு ஏற்ற பாத்திரம், பைரவன் என்ற பிரபல எழுத்தாளர் தாமே என்று மனைவியிடம் புளுகி மாட்டிக்கொள்ளும் ஒரு வேலையற்ற மனிதன். எழுத்தாளர் என்ற பெயருக்குச் சாதாரணக் குடும்பத்தில் அவ்வளவு மவுசு இருந்திராவிட்டால், அந்தப் பொய்க்கும் அந்தச் சிரிப்புக்கும் இடமே இல்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளால் எழுத்தாளன் வீட்டுக்கு வீடு தெரிந்த மனிதனாகிவிட்ட காலம் அது என்பதற்கு இதைவிட நம்பகமான சாட்சியம் கிடைப்பது அரிது. மற்றொன்று, ஏ. எம். ராஜாவின் இசையில் அமைந்த அப்படத்துப் பாடல்களை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்பது.

இவரைப் பற்றிச் சற்றே நின்று பேச வேண்டியிருக்கிறது. தஞ்சை ஜில்லாவில் விவசாயக் குடும்பத்தில் 1930-ல் பிறந்து, விவசாயிகள் இயக்கத்தில் ஈடுபட்டு, புதுச்சேரியில் பாரதிதாசனின் அருகில் இருந்து பயின்று, ‘ஜனசக்தி’யில் கவிதை எழுதிப் பின் திரைப்படத்துறைக்கு வந்து, 1959 அக்டோபர் 8-ஆம் தேதி, 29 வயதில், காலமான இவருடைய பாட்டுக்களை அவ்வருஷத்தின் ‘மக்கள் விருப்பம்’ என்ற தலைப்பின் கீழ் வைப்பதா, ‘படைப்பிலக்கியம்’ என்ற தலைப்பின் கீழ் வைப்பதா? கூலி உயர்வு, உழைப்பின் பயன், பொதுவுடைமைச் சிந்தனை முதலிய கனமான பொருள்களை நாட்டுப்புற மெட்டின் இயல்பான சந்தத்திலும், அரிவாள் பிடித்தவன் தன்னையறியாமல் பேசுகிற சொற்களிலும் அவர் அமைத்தார். அமைத்ததைத் தியேட்டரில் கேட்டவர்கள் வயல்வரப்பில் பாடினார்கள். புத்தகத்தில் அச்சேறியதையே கவிதை என்று எண்ணும் பண்டிதரும், சினிமாவைத் தொட்டதெல்லாம் தாழ்ந்தது என்று கருதும் நவீன விமர்சகரும் ஒருசேரக் கைவிட்ட ஒரு கவிஞரை, ஜனங்களே காப்பாற்றி வைத்தார்கள் என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம். ஆகையால், வெகுஜன ரஸனை எப்பொழுதும் பிழைபடும் என்ற கொள்கையை 1959 ஆதரிக்கவில்லை.

வாரப் பத்திரிகைகளின் நிலையும் இதைப் போன்றதே. ‘கல்கி’யில் நா. பார்த்தசாரதி எழுதிய ‘குறிஞ்சி மலர்’ அந்த வருஷங்களை ஒட்டி வாசகர்களை ஆட்கொண்டது. பூரணி, அரவிந்தன் என்ற அதன் பாத்திரங்களின் பெயர்களைப் பெற்றோர்கள் தங்கள் குழந்தைகளுக்குச் சூட்டினார்கள். லக்ஷியவாதம் மிகுந்து, மனித சுபாவத்தின் நிழற்பகுதிகளை அதிகம் நெருங்காத அந்நாவலை மகத்தான கலைப்படைப்பு என்று நான் கருதவில்லை. எனினும், சுதந்திரத்திற்குப் பிந்திய தலைமுறை ஒழுக்கத்தையும் தமிழ்ப் பற்றையும் தியாகத்தையும் எவ்வளவு தாகத்தோடு தேடியது என்பதை அறிய விரும்புகிறவனுக்கு அது தவிர்க்க முடியாத ஆவணம். ஒரு வருஷத்தின் பிரீதிக்குரிய புத்தகங்கள், அந்த வருஷத்து மனிதர்கள் தாங்கள் எப்படி இருக்க ஆசைப்பட்டார்கள் என்பதைத் தெரிவிக்கின்றன. அதற்காகவே அவற்றைப் பதிவு செய்து வைக்க வேண்டும்.

இனி, அதே 1959-ல், இந்த ஆரவாரம் எதுவும் எட்டாத ஓர் இடத்தில் நடந்ததைப் பார்ப்போம். ஜனவரி மாதத்தில், சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து, சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை, கடைகளில் தொங்கவிட்டு விற்பதில்லை, சந்தா கட்டிப் படிப்பவர்களுக்கே அனுப்புவது என்ற விரதத்தோடு பிறந்த அப்பத்திரிகை, விமர்சனத்தைத் தன் பிரதான நோக்கமாக அறிவித்துக்கொண்டது. கவிதையில் அது செய்யப்போவதை அதன் ஆசிரியரே அப்பொழுது முழுமையாக முன்னறிந்திருக்க முடியாது. முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ வெளிவந்தது. 1930-களில் ‘மணிக்கொடி’யில் யாப்பின் கட்டுக்களைத் தளர்த்திக் கவிதை எழுதிப் பார்த்துவிட்டு, பின்னர் நெடுங்காலம் கவிதையை ஏறக்குறைய ஒதுக்கி வைத்திருந்த பிச்சமூர்த்தி, பங்கீட்டுக் காலத்துச் சில்லறை வியாபாரி ஒருவனின் வாழ்க்கையை, எதுகை மோனைகளின் துணையை நாடாமல், பேச்சின் ஓட்டத்திலேயே கவிதையாக்கிக் காட்டினார். க. நா. சுப்ரமண்யமும் அவ்விதழிலேயே கவிதை எழுதினார். மூன்றாவது இதழில், நாகர்கோவிலைச் சேர்ந்த இளைஞரான சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற புனைபெயரில், ‘உன் கை நகம்’ என்ற கவிதையோடு வந்தார். மறு வருஷத்திலிருந்து, இலங்கையின் திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்ற, பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்ட, இருபது வயதை ஒட்டிய இளைஞர் எழுதலானார். இவ்வாறு ‘எழுத்’தில் வெளிவந்தவற்றிலிருந்து 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தேர்ந்து 1962-ல் ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுதியைச் செல்லப்பா வெளியிட்டபொழுது, தமிழ்க் கவிதையில் ஒரு புதிய மார்க்கம் திறந்துவிட்டது என்பதைப் பகைவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

1959 டிசம்பரில் யாரேனும் ஒரு விமர்சகர் உட்கார்ந்து அவ்வருஷத்துக் கவிதையை மதிப்பிட்டிருந்தால், அவர் மேஜைமேல் குவிந்திருக்கக்கூடிய செய்யுள் நூல்களுக்கிடையே, சில நூறு பேரைச் சென்றடைந்த ஒரு மாதப் பத்திரிகையின் சில பக்கங்களுக்கு என்ன ஸ்தானம் கொடுத்திருப்பார்?

இதைவிட ஆச்சரியமானது ‘வாடிவாசல்’ விஷயம். எழுத்து பிரசுரமாக 1959-ல் வெளிவந்த இக்குறுநாவல், ஒரே ஒரு பிற்பகலில், ஒரு ஜல்லிக்கட்டுத் திடலில், திட்டிவாசலின் இருபுறமும் நடக்கிறது. தன் தகப்பன் அம்புலியைக் குத்திக் கொன்ற காரிக் காளையை அணைவதற்காகப் பிச்சி என்ற வாலிபன், மச்சான் மருதனோடு வந்து நிற்கிறான். காளைக்கு உடையவர் ஜமீன்தார். மாடு, மனிதன், மாட்டின் சொந்தக்காரர் ஆகிய மூவருக்கும் உள்ள ரோஷத்தின் முக்கோணத்தை, வருணனைக்காக ஒரு வாக்கியமும் உபதேசத்திற்காக ஒரு வார்த்தையும் செலவிடாமல், மதுரை வட்டாரத்துப் பேச்சு மொழியாலேயே செல்லப்பா கட்டி எழுப்புகிறார். பக்கத்தில் நின்று விவரம் சொல்லும் ஒரு கிழவன் மூலமாகவே அந்த விளையாட்டின் தர்மமும் அதர்மமும், யார் யாருக்கு முன் தலைநிமிரலாம் என்ற ஜாதியச் செய்தியும் வெளிப்படுகின்றன. காந்தியவாதியாகிய செல்லப்பா, ரத்தமும் வன்மமும் நிறைந்த இந்த உலகத்தை, தம்முடைய கொள்கையின் குறுக்கீடு சிறிதும் இல்லாமல், அதன் நியாயங்களின்படியே எழுதினார் என்பதில்தான் அவருடைய கலைஞானத்தின் உச்சம் இருக்கிறது. பாத்திரத்தின் மனத்தைப் பற்றிச் சொல்லாமலே அவனுடைய தசையின் அசைவால் மனத்தைத் தெரியவைக்கும் முறையில், அதற்கு முன் தமிழில் இந்த அளவு வெற்றி பெற்ற நெடுங்கதை ஒன்றை என்னால் காட்ட இயலவில்லை.

இந்நூல் வெளிவந்த வருஷத்தில், வாரப் பத்திரிகை வாசகன் அதை அறியவில்லை. செல்லப்பா தம் பிரசுரங்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். இன்று ‘வாடிவாசல்’ பதிப்புக்கு மேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது, ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டிருக்கிறது, பல்கலைக்கழக மாணவர்கள் படிக்கிறார்கள். அதன் ஆசிரியருக்குச் சாகித்திய அகாதமியின் பரிசு கிடைத்தது 2001-ல். அதுவும் முதிய வயதில் அவர் எழுதிய ‘சுதந்திர தாகம்’ என்ற நாவலுக்காக. அப்பொழுது அவர் மறைந்து இரண்டு வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

அகாதமியைப் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் குறிப்பிட வேண்டும். 1955-ல் ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழின்பம்’, 1956-ல் கல்கியின் ‘அலை ஓசை’, 1958-ல் ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்று பரிசளித்து வந்த அந்த ஸ்தாபனம், 1959-லும் 1960-லும் தமிழுக்குப் பரிசு எதுவும் அளிக்கவில்லை, 1961-ல் மு. வரதராசனின் ‘அகல் விளக்கு’ பெற்றது. பரிசுக்கு எடுத்துக்கொள்ளப்படுபவை அதற்கு முந்திய சில வருஷங்களில் வெளிவந்த நூல்களே ஆகையால், 1959-ஆம் வருஷத்து எழுத்தை அகாதமி வறியதென்று தீர்ப்பளித்துவிட்டதாக இதற்குப் பொருள் கொள்வது நியாயமாகாது. ஆயினும், சம்பிரதாயமான பரிசுமுறை புத்தகத்தை மட்டுமே காண்கிறது என்பதும், தமிழ்ப் படைப்பின் உயிர்நிலை புத்தகத்தில் இல்லை என்பதும் இந்த இடத்தில் தெளிவாகப் புலப்படுகின்றன.

நான் சொல்ல விரும்பும் பிரதான விஷயம் இதுவே. தமிழில் படைப்பிலக்கியம், கடந்த ஒரு நூற்றாண்டாக, பத்திரிகையில் பிறந்து பின்புதான் புத்தகத்தில் குடியேறுகிறது. ‘மணிக்கொடி’ 1933-ல் வாரப் பத்திரிகையாகத் தோன்றி, 1935-ல் பி. எஸ். ராமையாவின் ஆசிரியத்துவத்தில் சிறுகதைப் பத்திரிகையாக மாறியபொழுது, புதுமைப்பித்தன், கு. ப. ராஜகோபாலன், மௌனி முதலியோரின் கதைகள் அதில் வெளிவந்தன. அக்கதைகள் நூல்வடிவம் பெற்று, நூல்கள் வாசகர்களைச் சேர்ந்து, வாசகர்கள் அவற்றின் அருமையை உணர்வதற்குள், புதுமைப்பித்தன் 1948-ல் இறந்தே போய்விட்டார். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ ‘சுதேசமித்திர’னில் தொடராக ஐம்பதுகளில் வந்தது; நூலானது அறுபதுகளில். சுந்தர ராமசாமி ‘ஒரு புளியமரத்தின் கதை’யை ஐம்பதுகளின் இறுதியில் விஜயபாஸ்கரனின் ‘சரஸ்வதி’ப் பத்திரிகையில் தொடங்கினார், முழுமை பெற்று நூலாக வெளிவந்ததோ 1966-ல். அந்தச் ‘சரஸ்வதி’யே இலங்கை எழுத்தாளர் டொமினிக் ஜீவாவின் படத்தை அட்டையில் வெளியிட்டுத் தமிழகத்து வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தியது, ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற சிறுகதைத் தொகுதி 1960-ல் வெளிவந்து இலங்கையின் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. நூல்களின் வெளியீட்டு வருஷத்தை வைத்து ஓர் ஆண்டின் படைப்பை அளப்பவன், நாற்றங்காலைக் காணாமல் களத்துமேட்டு நெல்லை மட்டும் அளக்கிறவனைப் போன்றவன். அவன் அளப்பது சென்ற பருவத்தின் உழைப்பையே.

இந்த இடைவெளிக்குக் காரணங்கள் வெளிப்படையானவை. ஒரு கதைக்கு ரொக்கமாகச் சன்மானம் கொடுக்கக்கூடியது பத்திரிகை ஒன்றே. சிறுகதைத் தொகுதியையும் கவிதைத் தொகுதியையும் பிரசுரகர்த்தர்கள் என்றைக்குமே தயக்கத்துடன்தான் ஏற்றார்கள். 1948-ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டத்தின் பயனாக ஜில்லாதோறும் நூலகங்கள் பெருகியபின், அவற்றின் கொள்முதல் தமிழ்ப் பதிப்பகங்களுக்குப் பெரும் ஆதாரமாயிற்று; இந்நன்மையோடு, எந்த மாதத்தில் எத்தனை புத்தகம் வெளிவருகிறது என்பதைப் படைப்பின் வேகம் நிர்ணயிக்காமல், கொள்முதல் உத்தரவு நிர்ணயிக்கும் நிலையும் வந்து சேர்ந்தது. 1977-ல் ஆரம்பித்த சென்னைப் புத்தகக் கண்காட்சி ஜனவரி மாதத்தில் நிலைபெற்றபின், டிசம்பரின் கடைசி வாரங்களில் புத்தகங்கள் வெள்ளமாக வெளிவருகின்றன. வருஷத்தின் சிறந்த நூல்களைப் பொறுக்கி எடுக்க முனைபவர், பாதி நூல்கள் அச்சுக்கூடத்திலிருந்து வந்துசேராத தருணத்தில் தம் தீர்ப்பை எழுதிக்கொண்டிருக்கிறார். இது அவருடைய குற்றமன்று. எனினும் தீர்ப்பின் மதிப்பை இது பெரிதும் குறைத்துவிடுகிறது.

இந்தப் பிரச்னைக்குத் தமிழர்களே கண்டுபிடித்த ஒரு பரிகாரம் உண்டு. 1970-ல் சென்னையில் தோன்றிய ‘இலக்கியச் சிந்தனை’ என்ற அமைப்பு, மாதந்தோறும் பத்திரிகைகளில் வெளிவரும் சிறுகதைகளைப் படித்து, அம்மாதத்தின் சிறந்த கதையைத் தேர்ந்தெடுத்து, கூட்டத்தில் விவாதித்து, வருஷ இறுதியில் அந்தப் பன்னிரண்டு கதைகளுள் சிறந்த ஒன்றை ஒரு நடுவரைக் கொண்டு தீர்மானித்து, பன்னிரண்டையும் ஒரே நூலாகவும் வெளியிட்டது. எழுதப்பட்ட மாதத்திலேயே, எழுதப்பட்ட இடத்திலேயே, முப்பது நாட்களுக்குள் மறைந்துவிடக்கூடிய காகிதத்திலிருந்து கதையைக் காப்பாற்றி எடுக்கும் இம்முறை, இலக்கிய மதிப்பீட்டில் நாம் செய்திருக்கும் மிகச் சிறந்த காரியங்களுள் ஒன்று என்று கூசாமல் சொல்வேன். மாதந்தோறும் தேர்வாளர் மாறுவதால் ரஸனையின் ஏற்றத்தாழ்வு அத்தொகுதிகளில் தெரிகிறது. எளிய கண்ணீர்க் கதைகளும் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் ஒரு வருஷத்தில் ஒரு மொழி எவ்வாறு மூச்சுவிட்டது என்பதை அறிய, எந்தப் பண்டிதரின் ‘மணியான பத்து’ப் பட்டியலைக் காட்டிலும் அந்த ஏற்றத்தாழ்வே உதவி புரிகிறது. கவிதைக்கும் கட்டுரைக்கும் இதுபோன்று இடைவிடாத சிரத்தையுடன் ஓர் அமைப்பு நீண்டகாலம் செயலாற்றியிருந்தால், நம்முடைய இலக்கிய சரித்திரத்தின் பல வெற்றிடங்கள் இன்று நிரம்பியிருக்கும்.

வருஷாந்தரப் பரிசீலனை செய்ய முற்படுகிறவர் இவற்றிலிருந்து கொள்ள வேண்டிய முறையை நான் இவ்வாறு கருதுகிறேன். ஜனங்கள் விரும்பியதை அவர் அலட்சியம் செய்யக்கூடாது. கல்யாணசுந்தரத்தை இழந்த பிழை மறுபடி நேரக்கூடாது. அதே வேளையில், விருப்பத்தின் அளவை மேன்மையின் அளவாகவும் கொள்ளக்கூடாது. சந்தாதாரர் சில நூறு பேரே உள்ள பத்திரிகையை, லக்ஷம் பிரதிகள் விற்கும் பத்திரிகையைப் படிக்கிற அதே கவனத்தோடு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்க வேண்டும். பத்து வருஷங்கள் கழித்துத் தம்முடைய பட்டியலைத் தாமே எடுத்துப் பார்த்து, விடுபட்டதைச் சேர்க்கவும், மிகையாகப் புகழ்ந்ததை நீக்கவும் அவருக்கு மனத்திடம் வேண்டும். க. நா. சுப்ரமண்யம் தம் பட்டியல்களால் பலருடைய கோபத்தைச் சம்பாதித்தவர். ஆனாலும் பிறர் கவனியாத எழுத்தாளர்களின் பெயர்களைச் சலியாமல் திரும்பத் திரும்ப உச்சரித்து, மௌனி போன்றவர்களை அடுத்த தலைமுறை தேடிப் படிக்கச் செய்த தொண்டு அவருடையதே. அவருடைய தேர்வுகளில் பலவற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தத் தொண்டுக்கு நான் தலைவணங்குகிறேன்.

இத்தகைய ஆராய்ச்சிக்கு இன்று வசதிகள் முன்னிலும் அதிகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுவதும் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும், 1994 முதல் சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. 1959 ஜனவரி முதல் 1970 வரை வெளிவந்த ‘எழுத்’தின் 119 இதழ்களையும், அதே காலத்து வாரப் பத்திரிகைகளையும், ‘சரஸ்வதி’யையும், ஜீவானந்தம் தொடங்கிய ‘தாமரை’யையும், திரைப்படப் பாட்டுப் புத்தகங்களையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு, தமிழ் எழுத்தின் ஒரு வருஷத்தை முழுமையாகப் படித்து எழுதும் இளம் ஆராய்ச்சியாளர்கள் நமக்கு வேண்டும். 1959-க்கு அடுத்தபடியாக 1966-ஐ அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அவ்வருஷத்தில் ‘புளியமரத்தின் கதை’ நூலாயிற்று; ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ வெளிவந்து ஆசாரசீலர்களைக் கலங்கவைத்தது; ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ நவம்பர் மாதத்து ‘ஆனந்த விகட’னில் வந்து, மழையில் நனைந்து வீடு திரும்பிய ஒரு பெண்ணின் தலையில் அவள் தாய் தண்ணீர் ஊற்றியது சரியா தவறா என்று வீட்டுக்கு வீடு வாதம் நடந்தது. ஜனரஞ்சகப் பத்திரிகையும் தீவிர இலக்கியமும் அந்த ஒரு கதையில் எவ்வாறு ஒன்றையொன்று சந்தித்தன என்பதை யாரும் இன்னும் விஸ்தாரமாக எழுதியதாக நான் அறியேன்.